சில்லறைக் கணக்கு

காலை ஐந்தே முக்கால். மைசூரு, தேவராஜ மார்க்கெட்டின் தெற்கு வாசல். எதிரே டஃபரின் மணிக்கூண்டு. ஊரார் வாயில் அது சிக்க கடியாரா, சின்னக் கடிகாரம். வைஸ்ராய் டஃபரின் 1886-ல் வந்துபோனதன் நினைவாக எழும்பியது. அதன் அடியில் இரண்டு காலிக் கூடைகள். ஒரு நாய். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கும் சுமைக்காரர்.

மே மாதம். ஞாயிற்றுக்கிழமை.

உள்ளே பூக்கடைச் சந்து. தரையில் ஈரச் சாக்கு. சேவந்தி மஞ்சளாகக் குவிந்திருக்கிறது. அருகில் கனகாம்பரம், சம்பங்கி, காக்கடா. மைசூர் மல்லிகை ஒரு கூடை. சத்தியமங்கலத்து மல்லிகை மூன்று கூடை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்த மொட்டுகள். இன்னும் ஒன்றும் விரியவில்லை.

கடை ஓரத்தில் ஓர் அம்மா பூத் தொடுக்கிறார். இடது கைக் கட்டைவிரலில் ஈர வாழைநார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம். காம்புகள் நடுவில் சேர்கின்றன. வலது கை நாரைச் சுற்றுகிறது, வளையமாக்குகிறது, உள்ளே விட்டு இழுக்கிறது. முடிச்சு விழுகிறது. அடுத்த நான்கு மொட்டு. கண் பூவில் இல்லை. எதிர்க் கடைக்காரரோடு மருமகளைப் பற்றிப் பேச்சு. ஒரு மொட்டின் காம்பு முறிகிறது. விரல் அதைக் கண்டுகொள்கிறது. மொட்டு மடியில் விழுகிறது. வேறொன்று வருகிறது. மருமகள் கதை தொடர்கிறது.

அடுத்த கடையில் பன்னிரண்டு வயதுப் பையன். பள்ளி விடுமுறை. அப்பா டீ குடிக்கப் போயிருக்கிறார். முதல் கிராக்கியாக ஒரு பாட்டி வருகிறார். இரண்டு முழம் வேண்டும்.

பையன் சரத்தின் நுனியை விரல் நுனியில் பிடிக்கிறான். முழங்கை வரை இழுக்கிறான். ஒன்று. மறுபடி இழுக்கிறான். இரண்டு. பாட்டி சரத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்க்கிறார். சின்னக் கை.

பையனும் தன் கையைப் பார்க்கிறான். இன்னொரு சாண் சேர்த்து நறுக்குகிறான். பாட்டி பையை விரிக்கிறார்.

பாட்டியிடம் நூறு ரூபாய்த் தாள். பையனிடம் சில்லறை இல்லை. காலையில் முதல் போணி. பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை, எலுமிச்சைக் கடை. பையன் ஓடுகிறான். பூக்கடைக்குப் பாட்டி காவல். இன்னொருவர் வந்து சேவந்தி என்ன விலை என்கிறார். பாட்டி ஒரு விலை சொல்கிறார். அவர் கால் கிலோ கேட்கிறார். "பையன் வரட்டும்" என்கிறார் பாட்டி.

பையன் நாணயங்களோடு வருகிறான். எண்ணிக் கொடுக்கிறான். போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். பாட்டி சேவந்தி விலையை அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவன் மறுக்கவில்லை. அந்த விலைக்கே கால் கிலோ எடை போடுகிறான்.

*

குங்குமக் கடை. அலுமினியத் தட்டுகளில் கூம்புக் குவியல்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு. ஒவ்வொன்றின் உச்சியும் கூராக நிற்கிறது. தினமும் காலையில் கடைக்காரர் ஒரு தகட்டால் சுற்றிச் சுற்றி வழித்து இந்தக் கூர்மையைக் கொண்டுவருகிறார். அதன் பிறகுதான் ஊதுபத்தி ஏற்றுகிறார்.

"ஸைட், ஸைட்!" தலையில் வாழைத்தார்களோடு சுமைக்காரர் வருகிறார். சந்து குறுகல். தாரின் நுனி மஞ்சள் கூம்பில் உரசுகிறது. உச்சி சரிந்து சிவப்புத் தட்டில் விழுகிறது.

சுமைக்காரர் நிற்கிறார். குனிய முடியாது. திரும்ப முடியாது. கழுத்து நேராக இருக்க, கண்கள் மட்டும் பக்கவாட்டில் போகின்றன. கடைக்காரர் கையை முன்னால் வீசுகிறார். போ, போ. சுமைக்காரர் நகர்கிறார். நாலு எட்டு நடந்த பிறகு, "தப்பாய்த்து அண்ணா" என்கிறார், முதுகைக் காட்டியபடியே.

கடைக்காரர் ஸ்பூனால் மஞ்சள் விழுந்த இடத்தை அள்ளுகிறார். இரண்டும் கலந்த தூள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பைக்குள் போகிறது. பெட்டியடியில் அப்படி இன்னும் மூன்று பைகள் இருக்கின்றன. தகடு மறுபடி சுற்றுகிறது. கூம்பு எழுகிறது.

வாழைத்தார்கள் மண்டிக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே நஞ்சன்கூடு ரசபாளே தனியாகத் தொங்குகிறது. விலை அதிகம், தார் சிறிது. எதிர்ச் சந்தில் மைசூர் வெற்றிலைக் கட்டுகள். இந்த வாழை, இந்த வெற்றிலை, வாசல் சந்தின் மைசூர் மல்லிகை, மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. வெற்றிலைக்காரர் கட்டின் மேல் தண்ணீர் தெளிக்கிறார். குறியீடு பற்றி யாரும் கேட்பதில்லை. கிள்ளிப் பார்க்கிறார்கள்.

வடக்குப் பக்கம் வெளிச்சம் வேறு மாதிரி. 2016 ஆகஸ்டில் அந்த வாயில் பகுதி இடிந்து விழுந்தது. கட்டிடத்தை இடித்துக் கட்டுவதா, பழுது பார்த்து வைத்துக்கொள்வதா என்று வழக்கும் வாதமும் ஆண்டுகளாக நடந்தன. கத்திரிக்காய்க்காரர் கூரையை அண்ணாந்து பார்க்கிறார். தராசைத் துடைக்கிறார். கடை திறந்தாயிற்று.

*

ஏழு மணி. சாமுண்டி மலை அடிவாரம். ஆயிரம் படிகளின் முதல் படி.

நடுத்தர வயதுப் பெண். வேண்டுதல். கையில் எவர்சில்வர் டப்பா, உள்ளே இரண்டு கிண்ணம். ஒவ்வொரு படியிலும் குனிகிறார். விரலால் மஞ்சள் கீற்று. நடுவில் குங்குமப் பொட்டு. நிமிர்கிறார். அடுத்த படி. குனிகிறார். முந்தானை சரிகிறது. இடுப்பில் செருகுகிறார். குனிகிறார்.

காதில் கருவி மாட்டிய இளைஞர்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறார்கள். பொட்டுகளைத் தாண்டித் தாவுகிறார்கள். ஒருவன் மிதித்துவிடுகிறான். ஷூவின் முனையில் சிவப்பு. நிற்கிறான். திரும்பி வருகிறான். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. மறுபடி ஓடுகிறான்.

எழுநூறாவது படியை ஒட்டி நந்தி. தொட்ட தேவராஜ உடையார் காலம், 17-ஆம் நூற்றாண்டு. ஒரே பாறை. உயரம் சுமார் 15 அடி. கழுத்தில் கல் மணி, கல் சங்கிலி. அதன் முன்னால் ஒரு குடும்பம் போட்டோவுக்கு நிற்கிறது. ஒருவர் கண்ணை மூடிவிட்டார். மறுபடி. இப்போது குழந்தை திரும்பிவிட்டது. மறுபடி. நந்தி மட்டும் எல்லாப் படத்திலும் நன்றாக விழுந்திருக்கிறது.

நந்தியைத் தாண்டிச் சில படிகளில் குங்குமம் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பெண் டப்பாவைச் சாய்க்கிறார். ஓரத்தை விரலால் வழிக்கிறார். ஒரு பொட்டுக்கு ஆகிறது. அடுத்த படிக்கு இல்லை. மேலே பார்க்கிறார். இன்னும் நிறைய இருக்கிறது. அப்படியே உட்காருகிறார்.

மேலிருந்து இறங்கும் ஒருவர் நிற்கிறார். அவர் விரல்களும் சிவப்பு. அவருடைய வேண்டுதல் முடிந்துவிட்டது. பையைத் துழாவி ஒரு பொட்டலம் எடுக்கிறார். பாதி இருக்கிறது.

"யாருக்காக?"

"மகளுக்கு."

கிண்ணம் நிரம்புகிறது. டப்பாவை இப்போது வந்தவர் பிடித்துக்கொள்கிறார். முதலாமவருக்கு இரண்டு கையும் ஓய்வு. இறங்க வேண்டியவர் கூடவே பத்துப் பதினைந்து படி ஏறுகிறார். பிறகு டப்பாவைக் கொடுத்துவிட்டு இறங்கத் தொடங்குகிறார். பேர் கேட்டுக்கொள்ளவில்லை.

*

ஒன்பதரை. நஜர்பாத். சின்ன ஓட்டல். மேஜைகள் ஏழெட்டு. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் நிற்கிறார். உட்கார்ந்திருப்பவரின் தட்டை மேலிருந்து பார்க்கிறார். தட்டில் பாதித் தோசை என்றால் கால் மாற்றி நிற்கிறார். கால்வாசி என்றால் பையைக் கையில் எடுக்கிறார்.

தோசை மெத்தென்று இருக்கிறது. மொறுமொறுப்பு இல்லை. மடிப்புக்குள் சாகு. மேலே வெண்ணெய்க் கட்டி. வெண்ணெய் நழுவுவதற்கு முன் முதல் விள்ளலை எடுத்துவிட வேண்டும். எல்லாக் கையும் அதைத்தான் செய்கிறது.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கடைசி விள்ளலைத் தேங்காய்ச் சட்னியில் துடைக்கிறார். பின்னால் நிற்கும் தகப்பன் முன்னால் சாய்கிறார். கூட இரண்டு பிள்ளைகள். வெள்ளைச் சட்டைக்காரர் விரல் உயர்த்துகிறார். "இன்னொந்து."

தகப்பன் நிமிர்கிறார். சின்னவள் அப்பாவின் பெல்ட்டைப் பிடித்துத் தொங்குகிறாள். "எப்பப்பா?"

வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். நாற்காலியின் ஒரு பாதிக்கு நகர்கிறார். மறுபாதியைத் தட்டுகிறார். சின்னவள் ஏறி உட்காருகிறாள். மேஜை அவள் மோவாய்க்கு வருகிறது.

தோசை வருகிறது. பரிமாறுபவர் இரண்டு பேரையும் பார்க்கிறார். தட்டை நடுவில் நிறுத்துகிறார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு விரலால் அதைச் சின்னவள் பக்கம் தள்ளுகிறார். பரிமாறுபவர் அடுப்பைப் பார்த்து இன்னொரு தோசைக்குக் குரல் கொடுக்கிறார்.

முதல் விள்ளலிலேயே வெண்ணெய் நழுவுகிறது. வெள்ளைச் சட்டையின் கைமுனையில் விழுகிறது. தகப்பன் பதறிக் கைக்குட்டை எடுக்கிறார். வெள்ளைச் சட்டைக்காரர் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். மற்றக் கையையும் அதே அளவுக்கு மடிக்கிறார். இப்போது இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன.

*

பதினொன்று. யாதவகிரி. மரங்கள் அடர்ந்த அமைதியான தெரு. ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீடு. மாடியில் வளைந்து நீளும் அறை, சுற்றிலும் ஜன்னல். 2011-ல் வீட்டை இடிக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்பு எழுந்தது. கடப்பாரை நின்றது. மாநகராட்சி வாங்கிப் பழுது பார்த்து, 2016-ல் நினைவில்லமாகத் திறந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் கோட்டு. மூக்குக் கண்ணாடி. விருதுகள். 1935-ல் வந்த முதல் நாவலின் பேர் சுவரில். மால்குடி என்ற கற்பனை ஊரின் நாட்களை எழுதியவர், இந்த ஊர்த் தெருக்களில் தினமும் நடந்தவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் போல ஒருவர். மதுரையிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார். மனைவியிடம் சொல்லிக்கொண்டே வருகிறார். பார்வையாளர் ஏட்டின் முன் நிற்கிறார். சட்டைப் பையிலிருந்து பேனா எடுக்கிறார். முந்திய பக்கங்களைப் புரட்டுகிறார். எல்லாரும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அவருக்கு ஒரு பத்தி இருக்கிறது. முகத்தில் தெரிகிறது.

எழுத ஆரம்பிக்கிறார். பேனா எழுதவில்லை. உதறுகிறார். உள்ளங்கையில் கிறுக்குகிறார். ஊதுகிறார். பக்கத்தில் நிறமில்லாத கோடுகள் விழுகின்றன.

"இதுக்குத்தான் ரெண்டு பேனா வைங்கன்னேன்" என்கிறார் மனைவி.

காவலாளி தன் பையிலிருந்து பேனா நீட்டுகிறார். ஐந்து ரூபாய்ப் பேனா. மூடி கடிபட்டிருக்கிறது. நன்றாக எழுதுகிறது. ஆசிரியர் எழுதுகிறார். நாலாவது வரியில் நிறுத்துகிறார். யோசிக்கிறார். பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். காவலாளியும் காத்திருக்கிறார், பேனாவுக்கு.

ஆசிரியர் ஏட்டை மூடுகிறார். பேனாவைத் தன் பையில் செருகிக்கொள்கிறார். வாசல் வரை போகிறார். மனைவி அவர் பையைப் பார்க்கிறார். பேனாவை உருவுகிறார். இரண்டு பேரும் திரும்பி வருகிறார்கள்.

*

பிற்பகல். டவுன்ஹாலுக்கு எதிரே தொட்ட கடியாரா, பெரிய கடிகாரம். நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் 25 ஆண்டு ஆட்சிக்கு நினைவாக 1927-ல் எழுந்த கோபுரம். முகப்பில் எண்கள் கன்னடத்தில்.

தமிழ்நாட்டுப் பதிவெண் வேன் நிற்கிறது. அப்பா, அம்மா, பாட்டி, எட்டு வயதுப் பையன், தோளில் தூங்கும் தங்கை. ஈரோட்டுப் பக்கம்.

"அப்பா, அது என்னுங்ப்பா எழுத்து?"

"எழுத்தில்ல கண்ணு, நெம்பரு."

"எத்தனைன்னு எப்படிங்ப்பா தெரியும்?"

அப்பா அண்ணாந்து பார்க்கிறார். கையால் வெயிலை மறைக்கிறார். "உச்சீல இருக்கறது பன்னெண்டு. அங்கிருந்து எண்ணிக்க."

பையன் விரல் நீட்டி எண்ணுகிறான். சுற்றி வந்து பன்னிரண்டில் முடிக்கிறான். சரியாக இருக்கிறது. மறுபடி ஒரு சுற்று எண்ணுகிறான். வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

சையாஜி ராவ் ரோடு. குரு ஸ்வீட்ஸ் முன்னால் வரிசை. கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாதான் மைசூர்பாகை முதலில் செய்தவர் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. அவர் வழிவந்தவர்களின் கடை இது. கல்லா சின்னது. வரிசை படியிறங்கித் தெருவில் நிற்கிறது.

கடைக்காரர் காகிதத்தில் ஒரு துண்டு வைத்துப் பாட்டியிடம் கொடுக்கிறார். பாட்டி உடைக்கிறார். நெய் விரலில் ஏறுகிறது. உடைந்த இடத்தில் தேனடைத் துளைகள். வாயில் போடுகிறார். பல் தேவைப்படவில்லை. உதிர்ந்த தூள் உள்ளங்கையில். சுற்றுமுற்றும் பார்க்கிறார். உள்ளங்கையை வாயருகே கொண்டுபோகிறார்.

"எவ்வளவு வாங்கறதுங்கம்மா?" என்கிறார் மருமகள்.

"கால் கிலோ போதும்."

கை துடைத்துக்கொள்கிறார்.

"அரைக் கிலோவே வாங்கீரு. பக்கத்து வீட்டுக்குக் குடுக்கோணும்."

*

நாலரை. வானம் இருள்கிறது. மே மாத மழைக்கு முன்னறிவிப்பு ஒரு காற்றுதான். குல்மொஹர் மரங்கள் சிவப்பை உதிர்க்கின்றன. கடைக்காரர்கள் பிளாஸ்டிக் விரிப்பைத் தேடுகிறார்கள். டாங்காக்காரர் குதிரையின் கொள்ளுப் பையை முதலில் மூடுகிறார். பிறகு சீட்டை. கடைசியில் தன் தலையை.

மழை விழுகிறது. சையாஜி ராவ் ரோட்டின் கடைத் தாழ்வாரம் நிறைகிறது. துணிக்கடை வாசலில் இருபது பேர். முன்பின் தெரியாதவர்கள் தோள் உரச நிற்கிறார்கள். கடைக்காரர் வெளியே வந்து பார்க்கிறார். வாசலை மறைத்துக்கொண்டிருந்த பொம்மையை உள்ளே நகர்த்துகிறார். இன்னும் மூன்று பேருக்கு இடம் கிடைக்கிறது. ஒரு குடை காற்றில் பின்பக்கம் திரும்புகிறது. உடையவர் அதைக் காற்றை நோக்கிப் பிடிக்கிறார். குடை படக்கென்று சரியாகிறது. தாழ்வாரத்தில் நாலைந்து பேர் முகம் மலர்கிறது.

ஈரோட்டு அப்பா தள்ளுவண்டியில் மாம்பழம் வாங்கியிருக்கிறார். ரசபுரி, இரண்டு கிலோ. காகிதப் பை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடக்க ஓடுகிறார். பாதித் தெருவில் பையின் அடி நனைந்து விட்டுவிடுகிறது.

பழங்கள் உருள்கின்றன. ஆட்டோ ஒன்று பிரேக் போடுகிறது. பின்னால் ஸ்கூட்டர். அதற்குப் பின்னால் இன்னொரு ஆட்டோ. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முதல் ஆட்டோக்காரர் காலை நீட்டி ஒரு பழத்தை நிறுத்துகிறார். ஸ்கூட்டர்க்காரம்மா இரண்டைப் பொறுக்குகிறார். தாழ்வாரத்திலிருந்து ஒரு சிறுவன் பாய்ந்து, வாய்க்காலை நோக்கிப் போன பழத்தைப் பிடிக்கிறான். கிரிக்கெட் மைதானத்துச் சத்தம் எழுகிறது.

எல்லாம் தள்ளுவண்டிக்குத் திரும்புகின்றன. ஒருவர் துணிப்பை கொடுக்கிறார். அப்பா பழங்களைப் பார்க்கிறார். தள்ளுவண்டிக்காரர் பழங்களைப் பார்க்கிறார்.

"ஜாஸ்தி இருக்கற மாதிரி இருக்குதுங்க" என்கிறார் அப்பா.

தராசில் ஏற்றுகிறார்கள். இரண்டு கிலோ இருநூற்றைம்பது கிராம். வண்டி ஓரத்திலிருந்து உருண்ட ஒரு பழத்தையும் யாரோ சேர்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். அப்பா ஒன்றை எடுத்து வண்டியில் வைக்கிறார். தள்ளுவண்டிக்காரர் அதை எடுக்கிறார். அடிபட்ட இன்னொரு பழத்தைப் பையிலிருந்து தான் எடுத்துக்கொண்டு, இதை உள்ளே போடுகிறார். தராசு இரண்டு கிலோ என்கிறது. அதற்குக் கொஞ்சம் கூடவும் காட்டுகிறது. அதை இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

*

ஆறே முக்கால். மழை விட்டாயிற்று. அரண்மனை வளாகம். ஆயிரக்கணக்கில் கூட்டம். ஈரத் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். செய்தித்தாளும் ஈரம்.

இங்கே முன்பு மர அரண்மனை இருந்தது. 1897-ல் ஒரு ராஜகுமாரியின் கல்யாணக் கொண்டாட்டத்தின்போது எரிந்துபோனது. ஹென்றி இர்வின் வரைந்து கொடுத்தார். புதியது 1912-ல் முடிந்தது. வளைவுகள், கும்மட்டங்கள், மதில், வாசல்கள் எங்கும் பல்பு வரிசை. மொத்தம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு எரியும். முக்கால் மணி நேரம்.

எல்லாரும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கை வலிக்கிறது. இறக்குகிறார்கள். யாரோ "ஆ" என்கிறார்கள். எல்லாக் கைகளும் மறுபடி உயர்கின்றன. ஒன்றுமில்லை. இறங்குகின்றன. பஞ்சுமிட்டாய்க்காரர் ஊடே புகுந்து போகிறார். ஈரக் காற்றில் பஞ்சுமிட்டாய் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அவர் நடை வேகமாகிறது. விலை இறங்குகிறது.

ஈரோட்டுத் தங்கை அப்பா தோளில் தூங்குகிறாள். வேனிலும் தூக்கம், கடையிலும் தூக்கம், மழையிலும் தூக்கம்.

"எழுப்புங்க. இதுக்குத்தானே வந்தோம்" என்கிறார் அம்மா.

"எழுந்தா அழுவா."

"அழட்டும். பாக்கோணுமல்ல?"

"தூங்கற புள்ளைய எழுப்பாதீங்க" என்கிறார் பாட்டி.

ஏழு. விளக்கு எரிகிறது. ஒரே நொடியில் முழு அரண்மனையும். ஆயிரம் தொண்டைகளிலிருந்து ஒரே சத்தம். அப்பா தோளைக் குலுக்குகிறார். தங்கை மறு தோளுக்குத் தலையை மாற்றிக்கொள்கிறாள். பையன் எண்ண ஆரம்பிக்கிறான். நாற்பது வரை போகிறான். கண் வழுக்குகிறது. மறுபடி ஒன்றிலிருந்து.

சற்றுத் தள்ளி வேட்டி கட்டிய பெரியவர். உள்ளூர்க்காரர். பேரனிடம் வலது பக்கக் கும்மட்டத்தைக் காட்டுகிறார். வரிசையில் ஓர் இடம் இருட்டாக இருக்கிறது. ஃப்யூஸ் போன பல்பு. பேரனுக்குத் தெரியவில்லை. பெரியவர் அவன் தலையைப் பிடித்துத் திருப்புகிறார். தெரிந்துவிட்டது. இருவரும் அடுத்ததைத் தேடுகிறார்கள். பல்பு மாற்றுவதற்கு அரண்மனையில் ஆட்கள் இருக்கிறார்கள். தசரா நெருங்கினால் ஏணியும் கயிறுமாக வரிசை வரிசையாகப் பார்ப்பார்கள். பேரன் மூன்று இருட்டைக் கண்டுபிடித்துவிட்டான். தாத்தாவுக்கு இரண்டுதான்.

ஏழு நாற்பது. தங்கை தானாகக் கண் விழிக்கிறாள். கன்னத்தில் அப்பா சட்டையின் மடிப்பு பதிந்திருக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்கிறாள். அழவில்லை. வாய் திறந்தபடி இருக்கிறது. அப்பா அவளைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குகிறார். நாலு பேரும் அரண்மனைக்கு முதுகு காட்டி அவள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஏழே முக்கால். விளக்கு அணைகிறது. கூட்டம் எழுகிறது. செய்தித்தாள்கள் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு பெண் திரும்பிவந்து தன்னுடையதை உரிக்கிறார். பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்து.

*

எட்டரை. நகரப் பேருந்து நிலையம். 201, சாமுண்டி மலையிலிருந்து வருகிறது. பெண்களிடம் கட்டணமில்லாச் சீட்டு. 2023 ஜூனில் வந்த சக்தி திட்டம். அவர்கள் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆண்கள் சிலர் கண்டக்டரைச் சுற்றி நிற்கிறார்கள். கையில் டிக்கெட். பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வட்டமிட்ட தொகை. ஏறும்போது சில்லறை இல்லை. இறங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் கைப்பேசியில் பணம் செலுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

கடைசியாக இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கதர்ச் சட்டை. மற்றவர் செக்யூரிட்டி சீருடை, இரவு வேலைக்குப் போகிறார். ஒருவர் டிக்கெட்டில் 30. மற்றவர் டிக்கெட்டில் 20. கண்டக்டர் பையைக் குலுக்குகிறார். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றுதான் தேறுகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டுகிறார்.

"ஹஞ்சிக்கொள்ளி சார்." பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கதர்ச் சட்டை தாளை வாங்குகிறார். செக்யூரிட்டி தாளைப் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள், கை எட்டும் தூரத்தில்.

பத்திரிகைக் கடை. சில்லறை இல்லை. வேர்க்கடலை வண்டி. இல்லை. பழக்கடைக்காரர் தலை நிமிராமலே கையை ஆட்டுகிறார். காபிக் கடைக்காரர் தாளைப் பார்க்கிறார். ஏதாவது குடித்தால் கொடுக்கலாம் என்கிறார். காபி இருபது ரூபாய்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"பை-டூ?" என்கிறார் கதர்ச் சட்டை.

"ஆகட்டும்."

பில்டரிலிருந்து டிகாக்ஷன் இறங்குகிறது. கொதிக்கும் பால். ஒரு டம்ளர் காபி. கடைக்காரர் இரண்டு சின்ன டம்ளர்களை அருகருகே வைக்கிறார். உயரத்திலிருந்து ஊற்றுகிறார். முதல் டம்ளரில் நுரை கூட. இரண்டாவதில் காபி கூட. குனிந்து பார்க்கிறார். இரண்டாவதிலிருந்து ஒரு மடக்கு முதலாவதுக்கு மாற்றுகிறார். மறுபடி குனிந்து பார்க்கிறார். இப்போது கோடு சமம்.

மீதி முப்பது. ஓர் இருபது ரூபாய்த் தாள், ஒரு பத்து ரூபாய்த் தாள்.

செக்யூரிட்டி விரல் மடக்குகிறார். "உங்களுக்கு வரவேண்டியது முப்பது. காபி பத்து. இருபது உங்களுது."

"உங்களுது இருபது. காபி பத்து. பத்து."

"சரியாய்த்து."

தாள்கள் பிரிகின்றன. கணக்கு இவ்வளவு சுளுவாக முடிந்ததில் இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி. கதர்ச் சட்டை ஊதிக் குடிக்கிறார். செக்யூரிட்டிக்கு நேரமில்லை. சூட்டோடு விழுங்குகிறார். கண்ணில் நீர் வருகிறது.

"நாளைக்கும் இதே பஸ்ஸா?"

"தினமும் இதுதான் சார்."

அடுத்த பிளாட்பாரத்தில் விசில். செக்யூரிட்டி டம்ளரை வைத்துவிட்டு ஓடுகிறார். படியில் தொற்றி உள்ளே ஏறுகிறார். இந்தப் பஸ்ஸின் கண்டக்டர் வருகிறார். "சில்லரே கொடி, சில்லரே கொடி." சில்லறை கொடுங்கள். செக்யூரிட்டி பத்து ரூபாய்த் தாளை நீட்டுகிறார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். பேனாவை எடுக்கவில்லை.

முன் சீட்டில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாய்த் தாளை எடுக்கிறார். கண்டக்டர் அவர் டிக்கெட்டைத் திருப்பி எழுதுகிறார், வட்டமிடுகிறார், பஸ்ஸின் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "யாராவது நூறு ரூபாய் சில்லறையா வெச்சிருக்கீங்களா?"

நாலைந்து கைகள் பைக்குள் போகின்றன.